ஒரே தரம் கேட்டார்கள்

இவரை 'அடக்கமான மனிதர்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் நித்தியானந்தன் அடக்கமானவர் அல்ல, ஆசை நிறைய உள்ளவர். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, எழுபத்தொன்றில் அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேர்ணுக்கு வந்து, ஓர் அரசாங்கக் கந்தோரில் கம்பளி விலை ஏறுமா இறங்குமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இவர் எழுதும் அறிக்கையில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுப் பாராட்டு வாங்குவார். இவர் வீட்டுக்கு வந்து பல்லைக் கடிப்பார். அடக்கமானவர் பல்லைக் கடிப்பாரா?

அந்தக் கோபத்தில்தான் அரசியலுக்குப் போனார். நாங்கள் இருந்த ஃபுட்ஸ்க்ரேயில் இத்தாலிப் பெண்களும் கிரேக்கப் பெண்களும் விடிய முன்னமே தொழிற்சாலைக்குப் போவார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. ஒரு தாய் தன் குழந்தையைக் காருக்குள் பூட்டிவிட்டு வேலைக்கு ஓடியதை இவர் கண்ணால் கண்டார். அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. நகரசபைக்குள் போகவேண்டும், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் திறக்கவேண்டும். கட்சிக் கிளையில் சேர்ந்து மழையிலும் குளிரிலும் வீடு வீடாகக் கதவு தட்டினார்.

கிளைத் தலைவர் லோரிமர் எங்கள் வீட்டுக்கு வந்து போவார். முதல் நாள் தேநீர் வேண்டாம் என்றார். நான் விடுவேனா? திரும்பக் கேட்டேன், அதற்கும் வேண்டாம் என்றார், மூன்றாம் தரம் கோப்பையைக் கையிலேயே கொடுத்துவிட்டேன். வடைக்கும் அதே கதைதான். இவர் சிரித்துக்கொண்டு அவருக்கு விளக்கம் சொன்னார். எங்கள் ஆட்கள் கேட்டவுடன் சரி என்றால் ஆலாய்ப் பறக்கிற பறக்காவெட்டி என்று நினைப்பார்கள், அதனால் முதலில் வேண்டாம் என்பது மரியாதை, விடாமல் திரும்பக் கேட்பதும் மரியாதை என்று. லோரிமருக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. கிளை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேண்டுமென்றே 'நோ, தாங்ஸ்' என்று சொல்லிவிட்டு வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுபத்துநான்கில் நகரசபையில் ஓர் இடம் காலியானது. வேட்பாளரைத் தெரிவு செய்யக் கிளை கூடியது. பெண்கள் நாங்கள் மண்டபத்தின் பக்கத்துக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு, திறந்த கதவால் பார்த்துக்கொண்டிருந்தோம். லோரிமர், "நித்தி, நீங்கள் நிற்பீர்களா?" என்று கேட்டார்.

இவர் எழுந்தார். "வேண்டாம், என்னைவிட மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. திரும்பக் கேட்கட்டும் என்று காத்திருக்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியாதா?

லோரிமர் இவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு "சரி" என்றார். செயலாளரிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்த கதிரையில் இருந்த கார் வியாபாரியைக் கேட்டார். அந்த மனிதர் கேள்வி முடிய முன்னமே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"இஞ்சாருங்கோ, வாயைத் திறந்து ஓம் எண்டு சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?"

"திரும்பக் கேப்பார் எண்டெல்லோ நினைச்சன். சபையிலை கேட்ட உடனை ஓம் எண்டால் என்ன நினைப்பினம்?"

"ஆர் நினைக்கிறது? அங்கை இருந்தது முழுக்க வெள்ளைக்காரர்!"

"லோரிமருக்கு எங்கடை பழக்கம் தெரியும்தானே. நீர் ஏன் கத்துறீர்?"

அதுதானே என் வயிற்றை எரித்தது! தெரியாத மனிதர் என்றால் மன்னித்துவிடலாம். லோரிமருக்குத் தெரியும். வடைக்கு வேண்டாம் என்றால் என்ன பொருள் என்று தெரிந்தவருக்குப் பதவிக்கு வேண்டாம் என்றால் தெரியாதா? கறுத்த மனிதனை வேட்பாளராக நிறுத்தும் சங்கடம் தானாகவே விலகியதில் அவருக்கு நிம்மதி. பிறகு போகிற இடமெல்லாம் "நித்தி அடக்கமானவர், முன்னுக்கு நிற்க விரும்பமாட்டார்" என்று வேறு சொல்லித் திரிந்தார். கார் வியாபாரி வென்றார். காப்பகம் வரவில்லை. கிழவர்கள் பந்து உருட்டும் கழகத்துக்குப் புதுப் புல்தரை வந்தது.

இவர் அரசியலை விட்டார், கோபத்தை விடவில்லை. ஏழை நாடுகளுக்கு உதவி அனுப்பும் ஒரு சிறிய சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் தலைவர் லோரிமர்தான், நல்ல காரியம் எதுவென்றாலும் தலைமைக் கதிரை அவருக்கு. சங்கம் வங்காளதேசத்துக்கு அனுப்பிய டிராக்டர்களை இவர் நேரில் போய்ப் பார்த்தார். உதிரிப்பாகம் இல்லாமல் நின்றவற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிராக்டர் அனுப்புவதை நிறுத்தி, அந்த ஊர் ஆட்களே பழுதுபார்க்கக்கூடிய கைப்பம்புகளைப் போடவைத்தார். மற்றச் சங்கங்கள் வந்து இவரிடம் கேட்டுப்போயின.

எழுபத்தெட்டில் சங்கத்துக்குப் புது இயக்குநர் தேவைப்பட்டார். பொதுக்கூட்டத்துக்குப் புறப்படும்போதே சொல்லிவிட்டேன். "கேட்ட உடனை ஓம் எண்டுங்கோ. இல்லாட்டி வீட்டுப் பக்கம் வராதேங்கோ."

தேநீர் வழக்கம்போல என் தலையில். லோரிமர் எழுந்தார். "நித்திக்கு முன்னுக்கு நிற்பது பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்கிறேன்" என்றார். கேட்கும்போதே அவர் கண் ஓய்வுபெற்ற ஒரு வங்கி மனேஜரிடம் போய்விட்டது.

இவர் எழுந்து முன்கதிரையை இறுகப் பிடித்தார்.

"சம்மதம்" என்றார்.

"யோசித்துத்தான் சொல்கிறீர்களா?" என்றார் லோரிமர். "பயணம் அதிகம், குடும்பம் என்ன சொல்லுமோ? நிச்சயமாகவா?" பாருங்கள் இந்த அநியாயத்தை! வேண்டாம் என்றபோது ஒரே தரம் கேட்டவர், சம்மதம் என்றதும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

இவர் குரலை உயர்த்தவில்லை. "அன்றைக்கு நான் வேண்டாம் என்றதை ஒரே தரத்தில் எழுதிக்கொண்டீர்கள். இன்றைக்குச் சம்மதம் என்பதையும் ஒரே தரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன, லோரிமரின் கையும் கடைசியில் உயர்ந்தது. இவர் இயக்குநரானார்.

கூட்டம் முடிந்து தேநீரும் வடையும் கொண்டுபோனேன். லோரிமர் பழையபடி சிரித்துக்கொண்டு "நோ, தாங்ஸ்" என்றார். கண் வடையில் இருந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனேன்.