கன்னி மூலைப் பாரம்

புதுச்சத்திரத்தில் தனபால் மேஸ்திரியைத் தெரியாதவர் குறைவு. அறுபத்தொரு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில் இருக்கும். நெடுஞ்சாலை ஓரம் நான் சிமெண்டும் பெயிண்டும் விற்கிறேன், பெயர் கந்தவேல். எனக்கு எதிர்ப்புறம் சிவக்குமாரின் முட்டைக் கிடங்கு. பண்ணைகளிலிருந்து வரும் முட்டைகளைப் பதினோரு பெண்கள் அங்கே தரம் பிரித்து அட்டையில் அடுக்குவார்கள்.

வருடா வருடம் ஐப்பசி மழை ஓய்ந்ததும் தனபால் அந்தக் கிடங்குக்குள் போவார். கால் மணி நேரம் அண்ணாந்து பார்ப்பார். அங்கே வேலை செய்யும் சின்னாயி கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புவார். தான் செய்த வேலையை ரசிக்கப் போகிறார் என்று நினைத்து, "என்ன மேஸ்திரி, தாஜ்மகால் நல்லா இருக்குதுங்களா?" என்று கேலி செய்வேன். ஒருமுறைகூட அவர் சிரித்ததில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வேறு யாரோ. கான்கிரீட் கூரை, கன்னி மூலைப் பக்கம், அதாவது தென்மேற்காக லேசாகச் சரிந்திருந்தது. 2008இல் சிவக்குமாரின் அப்பா காளியண்ணன் அதை விலைக்கு வாங்கினார். வாஸ்து பார்க்க வந்தவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், மழைத் தண்ணீர் ஈசானி மூலையான வடகிழக்கில்தான் விழ வேண்டும், இல்லாவிட்டால் தொழில் தங்காது என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் இதை யாரும் மீற மாட்டோம். நான் என் வீட்டுக் கிணற்றையே மூடி ஈசானியில் வேறு வெட்டியவன்.

அதுவரை தனபால் இன்னொருவரிடம் கொத்தனாராக இருந்தார். தன் பெயரில் அவர் எடுத்த முதல் வேலை இதுதான். சரிவைத் திருப்ப, கன்னி மூலையில் ஒன்றேகால் அடி உயரத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே தட்டையான ஓடு பதிக்க வேண்டும். "பீம் பாரந் தாங்குமான்னு தெரியலீங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாராம். "ஏப்பா, மேஸ்திரின்னு கூப்புட்டு வேலை குடுத்தா, நீயே சாக்குச் சொல்றயே?" என்றாராம் காளியண்ணன். மேஸ்திரி என்ற அந்த வார்த்தை தனபாலின் வாயை அடைத்துவிட்டது. கொட்டினார். தண்ணீர் ஈசானிக்கு ஓடியது. ஊரே மெச்சியது. அதன் பிறகு அவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

காளியண்ணன் காலமானார். கூரை ஒழுக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் சிவக்குமார் என்னிடம் வந்து, நீர் கசியாமல் தடுக்கும் பெயிண்ட் வாங்கிப் போவான். ஏன் ஒழுகுகிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் வியாபாரம் கெட்டிருக்கும்.

போன ஐப்பசியில் மழை அடித்துப் பெய்தது. கிடங்குக்குள் போன தனபால் அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார். மறுநாள் சிவக்குமார் அவரை என் கடைக்கே வரச் சொல்லியிருந்தான்.

"பெயிண்டெல்லாம் வேலைக்காகல மேஸ்திரி. மேல கூல் டைல்ஸ் ஒட்டிரலாம். ஒரு வாரத்துல முடிச்சுருவீங்கல்ல?"

"ஒட்டக் கூடாதுங்க தம்பி. ஒட்டுனா இன்னும் பாரம். கூரையவே எறக்கிரோணும். அதுவரைக்கும் உள்ள ஆரும் இருக்கக் கூடாது."

"என்ன சொல்றீங்க? அப்பா கட்டுனது."

"உங்கப்பா சொன்னாருங்க. கொட்டுனது நானு. வாங்க, காட்டறேன்."

நானும் கூடப் போனேன். கன்னி மூலைப் பக்கம் கூரையைத் தாங்கும் பீமில் முடி போல ஒரு விரிசல். வருடா வருடம் அது முடிந்த இடத்தில், ஸ்டூல் மேல் ஏறிப் பென்சிலால் போட்ட ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் வருடம். 2009, 2010, 2011. மொத்தம் பதினாறு கோடுகள். பதினைந்தாவது வரை விரலளவு விரலளவாகத் தள்ளிப் போயிருந்தன. கடைசிக் கோடு ஒரு சாண் தள்ளி இருந்தது.

சிவக்குமார் கோடுகளை எண்ணிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "பதினாறு வருசமாத் தெரியுமா உங்களுக்கு?"

"நின்னுக்கும் நின்னுக்கும்னு நெனச்சனுங்க. சொன்னா, நாந்தான் கெடுத்தேன்னு ஆயிருமேன்னு..."

"என்ற காம்பவுண்டுக்குள்ள இனிக் கால் வைக்காதீங்க."

சிவக்குமார் நாமக்கல்லிலிருந்து வரவழைத்த இன்ஜினியர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதுமே பெண்களை வெளியே அனுப்பச் சொன்னார். அவர்கள் லாரி நிற்கும் கொட்டகைக்கு மாறினார்கள். பீமை உடைத்தபோது உள்ளே கம்பி துருவேறித் தென்னங்குச்சி பருமனுக்கு மெலிந்திருந்தது. அடுத்த மழையைத் தாங்கியிருக்காது என்றார்கள்.

புதுக்கூரை எதுவென்று சிவக்குமார் என்னிடம் யோசனை கேட்டான். திரும்பக் கான்கிரீட் போட்டால் பழைய சுவர் தாங்காது. சிமெண்ட் அட்டை போட்டால் சூட்டில் முட்டை கெடும். நடுவே நுரை வைத்த இரட்டைத் தகடு நல்லது என்றேன். ஆனால் ஈசானிச் சரிவை அவன் விட மாட்டான். அன்று மாலை தனபாலிடம் கேட்டேன். கூரையை இடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார், எதிரே பார்த்தபடி.

"புதுக் கூரைக்கு நிறுத்தற தூணுல கன்னி மூலைப் பக்கம் ரெண்டையும் உசத்திருங்க. பாரமில்லாமயே தண்ணி ஈசானிக்குப் போவும். சரிவு கம்மி, அதனால ஒரு தகடு மேல இன்னொண்ணு ஒரு அடி ஏறி நிக்கோணும். இல்லாட்டி தண்ணி எதுத்து ஏறும்."

அதை என் யோசனையாகவே சிவக்குமாரிடம் சொன்னேன். அவனும் அப்படியே செய்தான்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. புதுத் தகட்டில் விழும் சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்டது. மழை விட்டதும் சின்னாயி ஈரச் சாலையைக் கடந்து கடைக்கு வந்தாள். தனபால் எழுந்து நின்றார்.

"ஒழுவுதா சின்னாயி?"

"ஒரு சொட்டு இல்லீங்ண்ணா."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஆனால் அவள் போகவில்லை.

"அந்தப் பீமுக்கடியிலதானுங்க பதினாலு வருசமா நான் உக்காந்திருந்தேன். ஃபேன் காத்து அங்கதான் நல்லா வரும். வருசந் தவறாம வந்து என்ற தலைக்கு மேல கோடு போட்டீங்க. என்ற கையிலயே தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. கூரை கெட்டுப்போச்சுன்னு நீங்க சொல்ல வேண்டாமுங்க. 'அம்மிணி, கொஞ்சந் தள்ளி உக்காரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

அவள் குரல் உயரவே இல்லை. தனபால் சட்டைப் பைப் பென்சிலைக் கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயிண்ட் இன்னும் ஏழு டப்பா இருந்தது. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முட்டை லாரி வந்து ஹாரன் அடித்தது. அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள்.