காத்திருக்கத் தெரியாத இரண்டாம் பாகம்

நானும் அக்காவும் ஆடிய டிவி கேமின் இரண்டாம் பாகத்துக்கு இத்தனை வருடங்களில் யாரும் விமர்சனம் எழுதவில்லை. கேட்பதற்கு நாதியில்லாமல் கிடந்த அந்தக் குறையை நானே தீர்த்துவைக்கிறேன்.

முதல் பாகத்தின் முடிவில் வில்லன் எரிமலைக்குள் விழுந்து செத்தான். நாங்கள் கண்ணால் பார்த்தோம். இரண்டாம் பாகத்தில் அதே ஆள், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, கருமாதிச் சோறு செரிப்பதற்குள் வந்து நிற்கிறான். எப்படிப் பிழைத்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. வீரனின் முதுகில் புதிதாக ஏதோ மூட்டை. தேயிலைக் கொழுந்துக்கூடை என்றே நினைத்தேன். அதைச் சுமந்து அவன் குதிக்கும் அழகுக்கு எங்கள் தோட்டத்துக் கங்காணி அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளத்தோடு அனுப்பியிருப்பார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். திரையை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

முதல் பாகத்தை இருவர் ஆடும்போது ஒருவர் பின்தங்கினால் திரை நகராது. முன்னால் போனவர் அதன் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பின்தங்குவது எப்போதும் நான். அக்கா நிற்பாள். "பதறாம வாடா, நான் நிக்கிறேன்ல" என்பாள். சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் லைட் போட்டதும் படம் சுருங்கி மங்கிவிடும். கரண்ட் பிறக்கிற பொல்பிட்டிய மின்நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது, எங்களுக்கு வந்ததோ அதைக் கழுவிய தண்ணீர். அந்த மங்கலிலும் அவள் நிற்கும் இடம் எனக்குத் தெரியும்.

பிறகு அக்கா கொழும்புக்குக் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாள். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை. தீபாவளிக்கு வரும்போது இரண்டாம் பாகத்தின் கேசட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தால், கேசட்டுக்காக என்று வீம்பாகச் சொல்லியிருப்பேன்.

கொண்டுவந்தாள். பையை இறக்கியதும் போட்டோம். திரை தானாகவே ஓடியது, யாருக்காகவும் நிற்கவில்லை. அக்காவுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் பள்ளத்திலேயே பின்தங்கினாள். பின்னாலிருந்து வந்த திரையின் ஓரம் அவளை விழுங்கப் பார்த்தது.

"டேய், நில்லுடா!"

"நான் நிக்கிறேன்க்கா. அதுதான் நிக்க மாட்டேங்குது."

அவளை விழுங்கியது. நின்றதற்காக என்னையும் விழுங்கியது. விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடியும் அப்படியே. நாலைந்து தடவைக்குப் பிறகு கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ மட்டும் ஆடுடா. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அந்தக் கேசட்டைச் செய்தவனின் பரம்பரையையே மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

லீவு முடிந்து அவள் கொழும்புக்குத் திரும்ப ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போன அன்று சாயங்காலம், பழைய கேசட்டைப் போட்டு இரண்டு பேர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் வீரன் ஓடினான். அக்காவின் வீரன் தொடங்கிய இடத்திலேயே நின்றான். முதல்தடவையாக நான் முன்னால் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். திரை அசையவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா சும்மா ஒக்காந்திருக்க? கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. அக்கா வரணும்ல."