குழம்புச் சாமான்

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் எந்தக் காரியம் என்றாலும் என் மாவுக்கடை வாசலில்தான் கூட்டம் போடுவார்கள். கோயில் பொங்கலா, குடிதண்ணீர் வரவில்லையா, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்ற பஞ்சாயத்தா, எல்லாம் இங்கேதான். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தால் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் கத்துவார்கள். எனக்குக் கிரைண்டர் நின்றாலும் கத்தித்தான் பேச வரும். "ஒனக்கெதுக்குடி மைக்கு, நீயே ஒரு மைக்குதான்" என்பார் என் வீட்டுக்காரர்.

அன்றைக்குக் கூட்டம் போட்டது ஆட்டோ ஓட்டுகிற தம்பி. கிரஷர்காரர்களும் லாரிக்காரர்களும் ஸ்டிரைக் செய்ததில் மணலும் ஜல்லியும் வராமல் கட்டட வேலைகள் நின்றுபோயிருந்தன. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய காம்பவுண்டு இருக்கிறது. ஒரே கேட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள், பொதுவாக ஒரு குழாய். அங்கே முக்கால்வாசிப் பேர் கொத்தனார், சித்தாள். அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அன்றாடம் அடுப்பு.

"வீட்டுக்கு வீடு அரிசி, சாமான் வாங்கி அவுகளுக்குக் குடுப்போம்க்கா. நம்ம தெரு ஆளுக பட்டினி கெடந்தா நமக்குத்தான அசிங்கம்?" என்றான் தம்பி.

எனக்கு உடனே ஒருத்தியின் ஞாபகம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அந்தக் காம்பவுண்டில்தான் குடியிருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் என்னிடம் மாவு வாங்குவாள். அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்துப் படுத்திருந்தார். அவளும் சித்தாள் வேலைதான், அதுவும் இப்போது நின்றுபோனது. மாவு வாங்க வருவதையும் நிறுத்திவிட்டாள். அதற்கு முந்தின நாள்தான் அவளைத் தெருவில் மடக்கி, "ஏன் கடைப்பக்கமே காணோம்?" என்று கேட்டிருந்தேன். மாவைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைச் சொன்னாள்.

"பெரியவளத் திருப்பூருக்கு அனுப்பப் போறேன்க்கா. மில்லுக்கு ஆள் புடிக்கிற அண்ணன் ஞாயித்துக்கெழம வாராரு."

பெரியவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நடுத்தெருவில் நின்று, "ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? படிக்கிற பிள்ளைய மில்லுக்கு அனுப்புவியா?" என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள்.

"அங்க ஆஸ்டல்லயே மூணு வேளையும் சாப்பாடு போடுறாகளாம்க்கா. சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்துலயே சத்துணவு இருக்கு. இவளுக்குப் பத்தாவதோட அது நின்னுபோச்சு. மத்தியானம் தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருக்காக்கா."

இத்தனை பேருக்கு மாவாட்டிக் கொடுக்கிறேன், என் தெருவில் ஒரு பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாடம் கேட்கிறது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே தம்பி அப்படிக் கேட்டதும், "நானும் வாரேன், இப்பவே கெளம்பு" என்று கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் வசூல் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கோயில் வரி மாதிரிதான். ஒரு வீட்டைக்கூடத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வீட்டை ஒதுக்கிவைத்ததாக அர்த்தம். ஒருமுறை பூட்டியிருந்த வீடென்று விட்டுவிட்டுப் போனதற்கு, அந்த வீட்டுக்காரர் பொங்கல் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று போட்ட சண்டை இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் கால் தானாக நடந்தது. மாடி வீடு, ஓட்டு வீடு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போய், காம்பவுண்டுக்குள்ளும் நுழைந்துவிட்டோம். யாருக்காக வசூலிக்கிறோமோ அவர்கள் கதவையே தட்டி, "சாப்பாட்டுக்கு இல்லாதவுகளுக்குக் குடுக்குறோம், ஒங்களால முடிஞ்சதக் குடுங்க" என்று நிற்கிறோம். ஒருத்தருக்கும் அப்போது உறைக்கவில்லை. அவர்களும் ஆளுக்கொரு பை அரிசி கொடுத்தார்கள். உசிலம்பட்டிக்காரி வீட்டிலிருந்து பெரியவள் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுத் தருகிற பைதான். ஒரு காது அறுந்துபோய்ச் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் காம்பவுண்டில் வீட்டுக்கு ஒரு பையாகக் கொடுக்கப் போனோம். தம்பி உசிலம்பட்டிக்காரியிடம் ஒரு பையை நீட்டினான். அவள் பையின் காதைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். சும்மா இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது நான் குடுத்த பைக்கா! அரிசிகூட அம்புட்டும் அப்பிடியே இருக்கு!"

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை எனக்கு. தம்பி நைசாக ஆட்டோவைப் பார்த்து நகர்ந்தான். அவள் சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பில் வந்தது மட்டும் இல்லை.

"அரிசி எங்ககிட்ட இருக்குக்கா. ரேஷன்ல போடுறாக. பருப்பும் எண்ணெயும் காசு குடுத்து வாங்கணும், வாங்குனாலும் பாதி மாசத்துல தீந்துபோகுது. சோத்துக்கு மேல ஊத்தத்தான் ஒண்ணுமில்ல. உப்புப் போட்டு எம்புட்டு நாளைக்குக்கா பிள்ளைக முழுங்கும்? வெறுஞ்சோத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட்டுப் போக வெக்கப்பட்டுத்தான் பெரியவ தண்ணியக் குடிக்கிறா."

பக்கத்து வீட்டுக் கதவுகளிலும் தலைகள் ஆடின. கடைக்குத் திரும்பி மிச்சமிருந்த பைகளைப் பிரித்துக் கொட்டினேன். வாசனையே சொன்னது. எல்லாம் ரேஷன் அரிசி. மாடி வீடு, ஓட்டு வீடு வித்தியாசமே இல்லை. தெருவே கூடி, ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு ரேஷன் அரிசியைத் தானம் செய்திருக்கிறது! பருப்பு என்று தேடினால் ஒரே ஒரு பொட்டலம், அதிலும் வண்டு. வந்த கோபத்தில் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

"கத்தி என்ன பண்ணப் போற? மறுபடியும் போய்க் கேளு" என்றார் வீட்டுக்காரர். சொன்னதோடு நிற்காமல், ஒளித்துவைத்திருந்த நல்லெண்ணெய் டின்னை எடுத்து முன்னால் வைத்தார். அவர் அதைத் தலைக்குத் தேய்ப்பதற்குக்கூட எண்ணி எண்ணித்தான் ஊற்றுவார்.

எழுமலையில் இருக்கிற என் அண்ணனுக்கு போன் போட்டேன். "தட்டப்பயறு கெடக்கு, உளுந்து கெடக்கு. கத்திரிக்காய வெலையில்லாம மாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம், இத முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று அவர் என்னைத் திட்டினார். மறுநாளே மூட்டைகளோடு பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்து இறங்கினார். வேலை திரும்பும்வரை வாரா வாரம் அனுப்புகிறேன் என்று அவரே வாக்குக் கொடுத்தார். ரேஷன் அரிசியோடு அவர் கொண்டுவந்த உளுந்தைப் போட்டு, வீட்டுக்கு ஒரு தூக்கு மாவு ஆட்டுவது என் பொறுப்பு.

சனிக்கிழமை ஆட்டோவில் மைக் கட்டினோம். "அரிசி வேண்டாம்! அரிசி வேண்டவே வேண்டாம்! குழம்புச் சாமான் குடுங்க!" என்று தம்பி அலற, தெருவே வாசலில் நின்று சிரித்தது. சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். புளி வந்தது, மிளகாய்த்தூள் வந்தது, பருப்பு, எண்ணெய் பாக்கெட், வெங்காயம் எல்லாம் வந்தது. மாடி வீட்டம்மா போன தடவை ரேஷன் அரிசி கொடுத்ததற்கும் சேர்த்து இரண்டு பை நிறையக் கொடுத்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

காம்பவுண்டு கேட் வந்ததும் தம்பி ஆட்டோவை மெதுவாக்கினான். "அக்கா, இங்க கேக்கணுமா?" என்றான். போன தடவை பட்டது போதாதா என்று, "வேணாம், போ போ" என்றேன். நான்கு அடிகூட நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏன்க்கா, எங்க வீட்டத் தாண்டிப் போறீக? நாங்க இந்தத் தெருவுல இல்லையா?"

அவள்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டாலும் தப்பு, கேட்காவிட்டாலும் தப்பு, நான் என்னதான் செய்வேன்! இறங்கிப் போனேன். காம்பவுண்டு குழாயடியில் பெரிதாக ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அவளும் மற்ற பெண்களும் கிளை கிளையாக ஒடித்து ஆட்டோவின் பின் சீட் மறையும்படி போட்டார்கள். குழம்புச் சாமான் பை ஒவ்வொன்றிலும் மேலாக ஒரு கொத்து வைத்தோம். ஆட்டோ முழுக்க மணந்தது. "போதும்டி, மரத்தையே மொட்டையடிச்சுப்புடாதீக" என்று கத்தினேன்.

ஆனால் திருப்பூர் விஷயம் என்ன ஆயிற்று என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மாவுத் தூக்கைச் சாக்காக எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கால் நீட்டி அவள் வீட்டுக்காரர். சுவரோரம் பெரியவளின் துணிப்பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. கேஸ் தீர்ந்துபோயிருந்ததால் வெளியே விறகடுப்பில் என் அண்ணன் கொண்டுவந்த கத்திரிக்காயும் தட்டப்பயறும் போட்ட புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆள் பிடிக்கிறவர் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "என்னம்மா, பிள்ள ரெடியா? பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார்.

"மொதல்ல உக்காந்து சாப்பிடுங்கண்ணே" என்று அவள் தட்டை வைத்துவிட்டாள். வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பினால் அவள் உசிலம்பட்டிக்காரி இல்லை. அவர் வேண்டாம் வேண்டாம் என்றபடியே உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் பேச்சு நின்றது. இரண்டாவது தடவை குழம்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை அவள் கேட்காமலே ஊற்றினாள். நான் தூக்கைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றிருந்தேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு, "அருமையான குழம்பும்மா. சரி, பிள்ளையக் கூப்பிடு, அங்க மூணு வேளையும் சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல" என்றார்.

"அவ வரலண்ணே" என்றாள். "சாப்பாடு இங்கயே இருக்கு. இப்பத்தான நீங்களே சாப்பிட்டீக."