கல்பனா மாற்றிவைத்த கலர்

ஆரம்பாக்கத்துக் கல்பனாவுக்கு வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். தேர்வாய் கண்டிகையில், பாக்கெட் போடும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனியில் வேலை. காலையில் அவள் யாரையாவது கலாய்க்காவிட்டால் அங்கே ஒருவருக்கும் டீ இறங்காது.

பெரும்பாலும் மாட்டுகிறவன் பழவேற்காட்டு சர்ஃபராஸ்தான். எல்லார் திரையிலும் புரோகிராமில் குறிப்புகள் பச்சையாக இருக்கும், தப்பான வரிகள் சிவப்பாக இருக்கும். அவன் மட்டும் குறிப்பை நீலமாகவும் தப்பைப் பளீர் மஞ்சளாகவும் மாற்றி வைத்திருந்தான்.

"இன்னாடா இது, கல்யாண ஊட்டு சீரியல் லைட்டாட்டம்?"

"படிக்க ஈஸியா கீதுக்கா" என்பான். அதற்குமேல் பேச மாட்டான்.

ஒருநாள் அவன் நாஷ்டாவுக்குப் போன நேரம் பார்த்து, கல்பனா அவன் கலரையெல்லாம் மற்றவர்களுடையதைப் போலப் பச்சையும் சிவப்புமாக ஆக்கிவிட்டாள். சும்மா ஒரு தமாஷுக்குத்தான். வந்து முழிக்கட்டும், சிரிக்கலாம் என்று.

கெட்ட நேரம், அவன் பின்னாலேயே மேனேஜரும் வந்து நின்றார்.

"அதோ செவப்பா கீது பாரு, அந்த லைன தூக்கு. கஸ்டமர் வெளிய நிக்கறாரு, சீக்கிரம்!"

சர்ஃபராஸ் முழித்தான். கல்பனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டாள். அவன் தடுமாறிப் பச்சை வரி ஒன்றை அழித்தான்.

"யோவ், செவப்புன்னா பச்சைய தூக்கறியே, கண்ணு தெரியலையா?"

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் சார்." இத்தனை நாள் மூடி வைத்ததை அத்தனை பேர் முன்னால் அவனே சொல்ல வேண்டியதாயிற்று.

அடிப்பாவி கல்பனா! அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே. 'அவன் கலர் இருந்தவரைக்கும் ஒழுங்காகத்தான் வேலை செய்தான் சார், கெடுத்தது நான்' என்று ஒரு வார்த்தை. அந்த நாக்கு அன்றைக்குப் பார்த்துத்தானா ஒட்டிக்கொள்ள வேண்டும்? மறுநாளே அவனைக் குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கப் போட்டுவிட்டார்கள்.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போகிற ரயிலில் யாராவது சிரித்தால்கூடத் தன் சிரிப்புதான் காதில் கேட்டது. கடைசியில் தாங்கமாட்டாமல் குடோனுக்குப் போனாள்.

"சர்ஃபராஸு, உன் கலர மாத்துனது நான்தான்டா."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "தெரியும்க்கா. நீ சிரிச்சியே."

"அப்புறம் ஏண்டா சார்கிட்ட சொல்லல?"

"நீயே சொல்லிடுவேன்னு பார்த்துக்கினு இருந்தேன்க்கா."