மூன்றாம் பக்கத்திலேயே நின்றவர்

எங்களுடையது லிஃப்ட் போட்டுப் பராமரிக்கிற கம்பெனி. பழுதுபார்க்கப் போகும் மெக்கானிக்குகள் கைப்பேசியில் திறந்து பார்க்கும் குறிப்புகளை எழுதுவது என் பக்கத்து மேசை அக்காவின் வேலை. என்னைவிட இளையவள்தான், இருந்தாலும் ஆபீஸ் முழுக்க அவளுக்கு அக்கா என்றே பெயர். சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிடுவாள். பேச்சும் அப்படித்தான். நான் ஆசையாகக் கொண்டுபோகும் வம்புக்கெல்லாம் "சரி, அப்புறம்?" என்பாள். வம்பே வாடிப்போய்விடும்.

குறிப்பு எழுத இன்னொருவரும் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இழுவை. கதவை மூடு என்று சொல்வதற்குக் கதவு பிறந்த கதையிலிருந்து தொடங்குவார்.

இப்படி இருக்கையில் மேனேஜர் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து இறக்கினார். எந்த ஆவணத்தை எத்தனை பேர் திறக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அது எடுத்துக் கொடுக்கும். யாராவது படித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு நேரே பச்சைப் புள்ளி எரியும். ஆள் யார் என்று காட்டாது. மெக்கானிக்குகள் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்.

முதல் அறிக்கையிலேயே இழுவைக்கு முதலிடம், அக்கா கடைசி.

"நீங்க எழுதினதைத் திறந்த வேகத்துல மூடிடறாங்க. அவர் எழுதினதுல எவ்வளவு நேரம் இருக்காங்க பாருங்க. அதுக்குப் பேர்தான் ஈடுபாடு" என்றார் மேனேஜர்.

"தேடினது கிடைச்சிடுது சார். அதான் மூடிடறாங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா? மாசக் கடைசியில ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்கப் போறோம்."

இந்த மனிதரை யார் மேனேஜராக்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னைப் போல எரிச்சல்பட அவளுக்கு வசதியில்லை. கணவர் முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் சம்பாதிக்கிறவள் இவள் ஒருத்தி. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கே போய் நிப்பேன், சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் முதல் தான் எழுதியதையெல்லாம் தானே கெடுக்கத் தொடங்கினாள். முதல் வரியில் இருந்ததைத் தூக்கி நாலாம் பக்கத்தில் போட்டாள். அதற்கு முன்னால் முன்னுரை, நோக்கம், பொது விளக்கம் என்று அடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தட்டச்சு செய்வாள். பலன் கைமேல் கிடைத்தது. எண்கள் கிடுகிடுவென்று ஏறின. மேனேஜர் மேசைவரை வந்து, "இப்பதான் எழுதவே கத்துக்கிட்டிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஒரு மதியம் என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். புதுவகை லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே எடுப்பது என்ற ஆவணத்தில் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. யாராவது மாட்டினால் ஒழிய அதை எவனும் திறக்கமாட்டான். அந்த வகையில் பிரேக்கை விடுவித்து லிஃப்டை நகர்த்தும் கைப்பிடி வழக்கமான இடத்தில் இருக்காது. அது எங்கே என்பதுதான் மெக்கானிக்குக்கு வேண்டும். அவள் அதை நாலாம் பக்கத்தின் அடியில் போட்டிருந்தாள்.

புள்ளி மூன்றாம் பக்கம்வரை வந்தது. மறுபடி முதல் பக்கத்துக்கு ஓடியது. திரும்பவும் மூன்றாம் பக்கத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. நான் சர்வீஸ் பிரிவுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு நேரமா படிக்கிறாங்க" என்றார்.

"உள்ளே யாரோ இருக்காங்க சார்." அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆவணத்தைத் திறந்து அத்தனை பக்கத்தையும் ஒட்டுமொத்தமாக அழித்தாள். எல்லாருக்கும் பொதுவான இணைய ஆவணம். இங்கே அழித்தால் அந்த மெக்கானிக்கின் கைப்பேசியிலும் அழியும். வெற்றுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அடித்தாள்: "மெயினை ஆஃப் செய். கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் சிவப்புக் கைப்பிடி. மெதுவாகக் கீழே இழு." அவசரத்தில் எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. திருத்தித் திருத்தி அடித்து முடித்தாள்.

புள்ளி அணைந்தது.

"கிடைச்சிருக்குமா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? மேனேஜர், "நல்லா ஏறிட்டிருந்த நம்பரைக் கெடுத்துட்டீங்களே" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் மூடிக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

வெகுநேரம் கழித்து அவள் மேசைப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது அந்த மெக்கானிக். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"குறிப்பு எழுதற செக்‌ஷனா? வயசான அம்மா ஒருத்தங்க. வெளியே எடுத்துட்டோம், ஆனா நினைவில்லை. ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கு. பொழைப்பாங்களான்னு யாரும் சொல்லலை."

அவரே தொடர்ந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். முன்னாடி ஒருத்தர் எழுதுவாரு, திறந்தா முதல் வரியிலேயே இருக்கும். அவரை ஏன் தூக்கினீங்க? இப்ப எழுதறது யாரு?"

அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் நான்தாண்ணா," என்றாள். "இதுவும் நான்தான்."