அண்ணாந்து பார்க்க முடியாதவர்

கழுத்தில் மாட்டும் காலரைப் பழைய துண்டில் சுற்றி, ஹெல்மெட் பையின் அடியில் வைத்திருப்பார் அண்ணாச்சி. வேலையிடத்தில் யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலைக்கு நான் சேர்ந்தபோது, அவருக்கு அதில் இருபது வருடப் பழக்கம். கோபுரத்துக்குள் இருவராகத்தான் ஏற வேண்டும்; என் ஜோடி அவர். செங்குத்தான ஏணியில் அண்ணாந்தபடி ஏறி ஏறியே கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்பார். வலி தாங்க முடியாத ஒரு நாள் மருந்துக்கடையில் பிரஷர் பார்த்திருக்கிறார். அதிகம் என்றார்களாம். ஏற்கெனவே தினம் ஒன்று சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையை, டாக்டரிடம் கேட்காமலே இரண்டாகக் கூட்டிக்கொண்டார்.

அதன்பிறகுதான் தலைசுற்றல். குனிந்து போல்ட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தால், சுவரைப் பிடித்துக் கண்ணை மூடி நிற்பார். “கழுத்துக்க கோளாறுதான் மக்கா. ஒருத்தர்ட்டயும் சொல்லிராத. மவளுக்க படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு” என்றார். நானும் சொல்லவில்லை. ஐந்து மாதம் சொல்லவில்லை.

காற்றுக்காலம் முடிந்த ஐப்பசியில் ஒரு காலை. கோபுர உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள இரும்புத் தளத்தில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு எழுந்தவர், பாதுகாப்புக் கொக்கியை மாட்டக் கை நீட்டினார். கை பாதியிலேயே நின்றது. முகம் வெளுத்து என்மேல் சரிந்தார். ஓரடி தள்ளி ஏணி இறங்கும் திறப்பு. அவருடைய இடுப்பு வாரை இரு கைகளாலும் பிடித்து, அவரைச் சுவரோடு அழுத்திக்கொண்டேன். சிறிது நேரத்தில் கண் திறந்து, “விடு டே, ஒண்ணுமில்ல” என்றார். அவரை மெதுவாக இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, நேரே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஒப்பந்த வேலைதானே, இனி வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நாகர்கோவிலில் ஒரு டாக்டர் அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்திருக்கிறார். எழுந்து நின்றதும் சட்டென்று இறங்கியதாம். வலியில் ஏறியிருந்த பிரஷருக்காக அவராகக் கூட்டிக்கொண்ட மாத்திரைதான் ஆளைச் சாய்த்திருக்கிறது. பழைய அளவுக்குக் குறைத்ததும் தலைசுற்றல் நின்றுவிட்டது. கழுத்துவலி மட்டும் மிச்சம். இதை எனக்குச் சொன்னவள் அவருடைய மகள். “மொதல்லயே ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா அண்ணே?” என்று கேட்டாள். படிப்பை விட்டு ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள் அப்போது.

மேலாளரிடம் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. அந்த ஐந்து மாதம் சொல்லாமல் இருந்ததற்குத்தான் வருந்துகிறேன்.

போன வாரம் தோவாளை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். “அண்ணாச்சி” என்றேன். கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல், உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

“இப்ப உனக்க கூட யாரு டே ஏறுகான்?”

நான் பெயரைச் சொல்வதற்குள், அவர் திரும்பவும் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார்.