படமெடுத்த மெதூசா

பாம்பு என்றால் படமெடுத்துத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும். படமெடுக்காததெல்லாம் மண்புழுவுக்குப் பெரியப்பா பிள்ளை என்பது என் எண்ணம். இந்த ஒரு நம்பிக்கைதான் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என்னை ஆட்டோவில் உட்காரவைத்து வேர்க்கவைத்தது.

காஞ்சிபுரத்தில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். பிறந்தநாள் கேக்கில் ரோஜாப்பூ, பொம்மைக் கார், கிரிக்கெட் மட்டை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அக்கா மகள் போனில் கேட்டது வேறு.

“மாமா, எனக்கு மெதூசா கேக் வேணும். கிரேக்கக் கதையில வருவா. முடிக்குப் பதிலா தலை பூரா பாம்பு. அவளப் பாக்கிறவங்க கல்லாயிடுவாங்க.”

“உங்கம்மா மாதிரின்னு சொல்லு.”

“இந்த வாய்தான் மாமா உங்களுக்குச் சனி. அம்மாகிட்ட பேசிட்டேன். கேக்கை நீங்களே வீட்டுக்கு எடுத்துக்கினு வரணும்னேன். ‘வந்தா வரட்டும்’னாங்க.”

அந்த இரண்டு வார்த்தைக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். செவிலிமேட்டில் அக்கா வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்த அன்று, பசுமாடு வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே போகமாட்டேன் என்றது. ஆளாளுக்குப் பதறிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “மாட்டுக்கே பிளான் புடிக்கல போல” என்றேன். சிரித்தவர்கள் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். இந்தக் கேக் ஒழுங்காக வந்தால் அந்தப் படியை நான் மறுபடி மிதிக்கலாம். இல்லையென்றால் மாடு நின்ற இடத்தில் நானும் நிற்கவேண்டியதுதான்.

கீழே இரண்டு அடுக்கு, நீலக் கிரீமில் கடலலை. வெள்ளிக்கிழமை என்பதால் முட்டை கிடையாது. மேலே ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவில் முழுத் தலை. பாம்புகளுக்காக வீட்டு முறுக்கு அச்சைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிழியப் பிழிய விறுவிறுவென்று பாம்பு. ஒவ்வொன்றின் நுனியையும் கட்டைவிரலால் தட்டி அகலமாக்கி, நிமிர்த்தி, படமெடுக்க வைத்தேன். மொத்தம் ஒன்பது, தலைக்குப் பின்னால் விசிறி மாதிரி. கோபமான பெண்முகம் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சர்க்கரையில் செய்தால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் முகத்தைச் சாந்தமாக, பெரிய கண்ணோடு வைத்தேன். தோல் நிறத்துக்குக் கலந்த கலரில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அதனால் என்ன என்று விட்டுவிட்டேன். என்ன என்பது ஆட்டோவில் தெரிந்தது.

தலை உயரமாக இருந்ததால் பெட்டியை மூட முடியவில்லை. திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எந்தக் கோயிலுக்கு சார்?”

“கோயில் இல்லப்பா. கேக்கு. பொறந்தநாளு.”

“கேக்கா? அம்மன வெட்டறதுக்கா எடுத்துக்கினு போறீங்க?”

குனிந்து பார்த்தேன். மஞ்சள் முகம். பெரிய கண். தலைக்கு மேல் படமெடுத்த நாகங்கள். மெதூசாவைக் காணோம். நாகாத்தம்மன் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவோ ஆடி வெள்ளி தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவள். மாட்டைக் கிண்டல் செய்தவன் இப்போது அவளுடைய சாமியையே செய்து, கத்தியும் கூட வைத்துக்கொண்டு வருகிறான். வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் நினைப்பாள். நானே கேள்விப்பட்டிருந்தால் அப்படித்தான் நினைப்பேன். திரும்பிவிடலாம் என்றால் அக்கா மகள் ஆறு மணிக்குக் கூட்டாளிகளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

இன்னும் கால்மணி நேரம். பையில் கொஞ்சம் வெள்ளை மாவும் சிவப்பு ஐசிங் கோனும் இருந்தன. அரக்கியாக்கிவிடலாம் என்று இரண்டு கோரைப்பல் உருட்டி ஒட்டினேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “இப்பத்தான் சார் உக்கிரமா வந்துக்கீறா.”

பல்லைப் பிடுங்கினேன். நாக்கை வெளியே தள்ளி வைத்தேன். காளியானாள். நாக்கையும் பிடுங்கினேன். உதட்டை ரத்தச் சிவப்பாக்கலாம் என்று கோனை நீட்டியபோது வேகத்தடை வந்தது. கை எகிறி, நெற்றி நடுவில் வட்டமாக ஒரு பொட்டு விழுந்தது.

“கரெக்டா வெச்சீங்க சார்” என்றார் டிரைவர்.

படங்களையாவது அமுக்கிவிடலாம் என்று தொட்டேன். ஒரு பாம்புக்குக் கழுத்து முறிந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை வாயில் போட்டு மென்றுவிட்டேன். எட்டுப் பாம்போடு அக்கா வீட்டு வாசலில் இறங்கினேன்.

கதவைத் திறந்த பிறந்தநாள்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். “மாமா, மெதூசா எங்க?”

“இவதாம்மா.”

“ஐயோ, அம்மா வராங்க!”

சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். கேக்கைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பார்த்தவர்கள் கல்லாவார்கள் என்ற கிரேக்கக் கதை அந்த வாசலில் இரண்டு பேருக்குப் பலித்தது. பிறகு அக்கா உள்ளே போனாள். கேட்டுக்கு எத்தனை அடி என்று நான் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். துடைப்பத்தை எதிர்பார்த்தேன். வாழையிலை விரித்த தாம்பாளத்தோடு வந்தாள்.

“கத்திய உள்ள வை” என்றாள் மகளிடம். பிறகு என்னைப் பார்த்தாள். “இதுக்கு இன்னா ஜோக் வச்சிருக்க? இப்பவே சொல்லிடு.”

வாயில் இரண்டு வந்தன. இரண்டுமே நல்ல ஜோக். விழுங்கினேன்.

“ஒண்ணுமில்லக்கா. சத்தியமா தெரியாம செஞ்சிட்டேன்.”

“தெரியாமத்தான் செஞ்சிருப்ப. தெரிஞ்சு செஞ்சா உனக்கு இவ்ளோ நல்லா வராது. தூக்கியாந்து இதுல வை. மொதல்ல செருப்பக் கழட்டுடா.”

கழற்றினேன். படியைத் தாண்டி உள்ளே போனேன். தலையை இரண்டு கையாலும் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தேன். அக்கா அதைச் சாமி அலமாரிக்குக் கொண்டுபோனாள். அதன் பிறகுதான் கத்தி வெளியே வந்தது. தலையில்லாத நீலக் கடலை வெட்டிச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் தலையில் எறும்பு மொய்த்துவிட்டது. பக்கெட் தண்ணீரில் கரைத்துத் தென்னைமரத்தடியில் ஊற்றினார்கள். போன் செய்து இதை எனக்குச் சொன்னது அக்கா.